எம்டனின் நிலக்கரி

1914 செப்டம்பர் 22 இரவு, இராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சுட்டு எரித்தது. நகரம் அதன் பீரங்கிகளை மறக்கவில்லை. அந்தக் கப்பலின் வலிமையைப் புரிந்துகொள்ள அதன் கொதிகலன் அறைக்குப் போக வேண்டும் என்பேன். அதற்கு முன் கவசத்தின் கதையைப் பார்க்க வேண்டும். 1859இல் பிரான்ஸ் கடலில் இறக்கிய லா குளோர், மர உடலின் மேல் இரும்புத் தகடு போர்த்திய கப்பல். மறு ஆண்டு பிரிட்டனின் வாரியர் உடலே இரும்பாக வந்தது. பக்கங்களில் 114 மில்லிமீட்டர் தகடு, அதன் பின்னால் தடித்த தேக்கு. பீரங்கி வலுக்க வலுக்கத் தகடும் தடித்தது, எடை ஏறியது. தொலைதூரம் சுற்ற வேண்டிய கப்பல்களுக்கு அந்த எடை கட்டுப்படியாகாது. ஆகவே அவற்றுக்குப் பக்கக் கவசத்தை விட்டுவிட்டு, எந்திரங்களின் மேல் எஃகுத் தளம் ஒன்றைப் போர்த்தினார்கள். இருபுறமும் நிலக்கரி அறைகளை வைத்தார்கள். பக்கவாட்டில் பாயும் குண்டின் வேகத்தைக் கரிக்குவியல் தாங்கிக்கொள்ளும். 1908இல் கடலில் இறங்கிய எம்டன் இந்த வழியில் வந்தது. எரிபொருளே சுவராக இருந்ததால், பயணம் நீள நீளச் சுவர் கரைந்தது.

அந்தக் கரிச் சுவரை மீண்டும் எழுப்பும் வேலை மாலுமிகளுடையது. வங்கக் கடலில் துறைமுகம் எதுவும் அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. அலையாடும் கப்பல்களுக்கிடையே மூட்டை மூட்டையாகக் கரியை மாற்றினார்கள், இடம் போதாமல் மேல்தளத்திலும் குவித்தார்கள். பிறகு வெப்ப மண்டலத்தின் புழுக்கத்தில் உலைக்கு முன் நின்று அள்ளிப் போட்டார்கள். செப்டம்பர் 10இல் பிடித்த கிரேக்கக் கப்பல் பொன்டோபொரோசில் இருந்தது கல்கத்தாவில் ஏற்றிய கரி. புகை மிகுதி, சூடு குறைவு. கடலில் ஒளிந்து திரியும் கப்பலுக்குப் புகை காட்டிக்கொடுக்கும் எதிரி. 27ஆம் தேதி பியூரெஸ்க் என்ற கப்பல் உயர்ந்த வேல்ஸ் கரியோடு சிக்கியது. சென்னைத் தாக்குதலைவிட இந்தப் பிடிப்பே எம்டனின் ஆயுளை நீட்டியது என்று நினைக்கிறேன்.

கவசமும் பீரங்கியும்தானே கடைசியில் தீர்மானித்தன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி, 6 அங்குலப் பீரங்கிகளால் எம்டனைச் சிதைத்தது; 130க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். எம்டனிடம் இருந்தவை 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள். நேருக்கு நேர் நின்றால் அது தோற்கவேண்டிய சண்டைதான். ஆனால் அத்தகைய சண்டையைச் சுமார் மூன்று மாதம் தள்ளிப்போட முடிந்ததே கரியால். அன்றும் அது கரியை எதிர்பார்த்திருந்தது. தொலைவில் எழுந்த சிட்னியின் புகையை, தான் வரச்சொன்ன பியூரெஸ்க்கின் புகை என்றே முதலில் எடுத்துக்கொண்டது.