நிலம் போன பணமும் தேசாந்தரப் பிரயாணமும்

பாடுபட்டுச் சேர்த்த பணத்தைச் செலவிடுகையில் மனிதனுக்கு இருக்கும் நிதானம், பாடுபடாமல் கைக்கு வந்த பணத்தைச் செலவிடுகையில் இருப்பதில்லை என்பது பொதுவாக உண்மையேயாயினும், காவேரிக் கரை ஜில்லாக்களில் சமீப காலத்தில் வந்து சேர்ந்திருக்கும் ஒருவகைப் பணம் இந்த நியதிக்குச் சற்றும் உட்படாமல், பெற்றவர்களைச் செலவழிக்கவும் விடாமல், நிம்மதியாக வைத்துக்கொண்டிருக்கவும் விடாமல் அலைக்கழித்து வருகிறது. விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் வரைக்குமான நால்வழிச்சாலைக்கும், அதைப் போன்ற மற்றச் சாலைகளுக்கும் எடுத்துக்கொள்ளப்பட்ட பூர்வீக நிலங்களின் நஷ்டஈட்டைத்தான் சொல்கிறேன். 2013-ஆம் வருஷத்து நிலமெடுப்புச் சட்டம், சந்தை மதிப்போடு நில்லாமல் அதற்குச் சமமான ஓர் ஆறுதல் தொகையையும் சேர்த்துக் கொடுக்கும்படி விதித்திருப்பதால், குத்தகை நெல்லைத் தவிர வேறொன்றையும் அந்த நிலத்திலிருந்து கண்டறியாத குடும்பங்களுக்குக்கூட ஒரே நாளில் பெருந்தொகை வரவாகிவிட்டது.

சீகாழிப் பக்கத்தில் எனக்கு நெடுநாள் பழக்கமான தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள் ஆகின்றன, உபகாரச் சம்பளம் மாதாமாதம் தவறாமல் வருகிறது, பெண்ணைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, கடன் கிடையாது. அவருடைய தகப்பனார் வழியில் வந்த மூன்று மா நிலம் சாலைக்குப் போய், அதற்குரிய தொகை வங்கியில் சேமிப்புக் கணக்கில் சொற்ப வட்டிக்கு உறங்கிக்கொண்டிருந்தது. சென்னையிலிருக்கும் மகள் ஐரோப்பாச் சுற்றுலா விளம்பரம் ஒன்றைக் கைப்பேசியில் அனுப்பி, “அப்பா, அம்மாவை அழைச்சுக்கிட்டு ஒரு தடவை போயிட்டு வாங்க” என்று எழுதிவிட்டாள். அன்று தொடங்கிய விவாதம் நான் போயிருந்த சமயத்திலும் ஓயவில்லை.

“என்னங்க, இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உலகப் படத்துல குச்சியை வெச்சுக் காட்டினீங்களே, அதுல ஒரு ஊரையாவது எனக்கு நேர்ல காட்டக் கூடாதா?” என்றார் அந்த அம்மாள், எனக்குக் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே.

“மண்ணை வித்த காசு அது. அதை ஆகாசத்துல பறந்தா தீர்க்கிறது?”

“நாமா வித்தோம்? கவர்ன்மெண்ட்டு எடுத்துக்கிட்டது.”

தலைமையாசிரியர் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பி, “நீங்களே சொல்லுங்க சார்” என்றார்.

அவருடைய தயக்கத்தைப் பழைய பஞ்சாங்கத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நிலத்தை விற்றுச் சாப்பிட்டான் என்ற சொல்லைக் காட்டிலும் பெரிய அபகீர்த்தி தஞ்சைப் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு இருந்ததில்லை; நிலத்தின் கிரயம் மறுபடி நிலமாகவோ, வீடாகவோ, பெண்ணின் கழுத்து நகையாகவோதான் மாற வேண்டுமென்பது எழுதப்படாத சாஸ்திரம். இப்போதோ, சாலை வருகிறது என்ற பிரஸ்தாபம் எழுந்த மாத்திரத்திலேயே பக்கத்து நிலங்களின் விலையும் ஏறிவிட்டபடியால், போன நிலத்துக்கு ஈடாக அதே கிராமத்தில் நிலம் வாங்குவது சுலபமாக இல்லை. அப்படி வாங்கினாலும், முழங்கால் வலியோடு வரப்பில் நடந்து விவசாயம் பார்க்கப்போவது யார்?

ஆனால் அந்தச் சாஸ்திரத்துக்குள்ளேயே இந்தப் பிரச்சினைக்கு விடையும் இருப்பதாக எனக்குப் பட்டது. அவருடைய பாட்டனார் காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போய்வந்தவர். அந்த யாத்திரைக்காக அவர் நிலத்தை விற்கவில்லை. ஒரு வருஷத்து நெல்லை விற்றார். அந்த முறையையே இந்தப் பணத்துக்கும் கைக்கொண்டாலென்ன என்று கேட்டேன். அறுபது வயது கடந்தவர்களுக்கென்று அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் நடைபெறும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் ரூபாய் வரையில் போட்டுவைக்கலாம். ஐந்து வருஷத் தவணை. இதை எழுதும் சமயத்தில் வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வந்துவிடும். இருபது லட்சம் போட்டால் காலாண்டுக்கு 41,000 ரூபாய், வருஷத்துக்கு 1,64,000 ரூபாய். வட்டிக்கு வருமான வரி உண்டு. அது போக மிஞ்சுவதுதான் மகசூல். அந்த ஒரு வருஷ மகசூலுக்குள் அடங்கும் பிரயாணம் எதுவோ அதை மேற்கொள்ளுங்கள், முதலைத் தொடாதீர்கள் என்பதே நான் சொன்ன யோசனை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மகள் அனுப்பிய ஐரோப்பா உடனே விழுந்துவிடுகிறது. ஷெங்கன் விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, விமானக் கட்டணம், அந்த ஊர் ஹோட்டல் வாடகை என்று கூட்டிக்கொண்டே போனால், இரண்டு பேருக்கு ஆகும் செலவு ஒரு வருஷ மகசூலை விழுங்கிவிட்டு முதலிலும் கைவைக்கும். (விசாவுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வங்கிக் கணக்கில் திடீரென்று பெருந்தொகை ஏறியிருந்தால் தூதரகத்தார் அதைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள், நஷ்டஈட்டு உத்தரவின் நகலை இணைத்துவிடுவது புத்திசாலித்தனம்.) செலவைக்கூட மன்னித்துவிடலாம், பத்து நாளில் ஏழு தேசம் என்று பேருந்தில் ஏற்றி இறக்கி, ஈபில் கோபுரத்தடியில் ஒரு புகைப்படம், ஆல்ப்ஸ் மலைப் பனியில் ஒரு புகைப்படம், இரவில் இந்தியச் சாப்பாடு என்று ஓட்டிக்கொண்டு போகிற அந்த ஏற்பாட்டைப் பிரயாணம் என்று அழைக்க எனக்கு நாக்கு எழவில்லை. ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று பெயர் பெற்ற ஏ.கே. செட்டியார், மகாத்மாவைப் பற்றிய படச்சுருள்களைத் தேடிக் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்து 1940-இல் அவற்றை ஓர் ஆவணப்படமாக வெளியிட்டார்; ஒன்றைத் தேடிப் போகிறவனுக்குத் தேடாத பத்தும் கண்ணில் படும் என்பதற்கு அவருடைய பிரயாண நூல்களே அத்தாட்சி. எல்லாவற்றையும் பார்க்கப் போகிறவர்களுக்கோ, பேருந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதே நினைவில் நிற்கிறது.

ஆகவே நான் கிழக்கே கைகாட்டினேன். கம்போடியாவில் இரண்டாம் சூரியவர்மன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் விஷ்ணுவுக்கு எடுப்பித்த அங்கோர் வாட் ஆலயம், ஏறக்குறைய விக்கிரம சோழன் தில்லையில் திருப்பணி செய்த காலத்தைச் சேர்ந்தது. சிதம்பரத்தைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் அங்கே போய் நின்றால், தெரிந்த வீட்டின் தெரியாத அறைக்குள் நுழைந்ததுபோன்ற திகைப்பு ஏற்படும். பெரும்பாலும் கிழக்குப் பார்த்த சந்நிதிகளுக்குப் பழகிய நமக்கு, மேற்குப் பார்த்து நிற்கும் அந்தப் பிரம்மாண்டமே முதல் ஆச்சரியம். அகழியின்மேல் போட்ட கல்பாதையில் நெடுந்தூரம் நடந்த பிறகுதான் கோபுரங்கள் நெருங்கி வருகின்றன. கிழக்குப் பிராகாரத்தின் தென்பகுதிச் சுவரில் ஏறத்தாழ 160 அடி நீளத்துக்குத் திருப்பாற்கடல் கடைந்த காட்சி ஒரே தொடராகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வாசுகியின் தலைப்பக்கத்தை 92 அசுரர்கள் பிடித்திருக்க, வால்பக்கத்தை 88 தேவர்கள் பிடித்திழுக்க, நடுவே திருமால் நிற்கிறார். கடலின் மீன்களும் முதலைகளும் மத்தின் அருகே வர வர உடல் துண்டுபட்டுச் சிதறுவதாகச் சிற்பி காட்டியிருக்கிறான். கடைகிற வேகத்தைக் கல்லில் காட்ட இதைவிடச் சாமர்த்தியமான உபாயம் எனக்குத் தெரியாது. தேவர்கள் வரிசையின் கோடியில் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒரு குரங்கு! நம்மூர்ப் புராணிகர் ஒருவரும் சொல்லாத இந்த விஷயத்தைத் தலைமையாசிரியரிடம் நான் சொன்னபோது, மனிதர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

அங்கோருக்கு அனுமதிச் சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62 டாலர். மூன்று நாள் சீட்டையே வாங்க வேண்டும். ஒரு நாளில் பார்ப்பதாகப் போனால், வெயிலில் களைத்துப்போய்ப் பாற்கடலின் முன்னால் உட்காரத் திராணி இருக்காது. உச்சி மாடத்துக்கு ஏறும் படிகள் மிகவும் செங்குத்தானவை. பழைய கற்படிமேல் மரப்படி போட்டுக் கைப்பிடியும் வைத்திருக்கிறார்களென்றாலும், முழங்கால் தளர்ந்தவர்கள் கீழேயே நின்றுவிடுவது உத்தமம். அதனால் குறைவொன்றுமில்லை, கதை சொல்லும் சிற்பத் தொடர்களெல்லாம் கீழே உள்ள பிராகாரத்தில்தான் இருக்கின்றன.

போகிற வழியில் பாங்காக்கில் இரண்டு நாள் தங்கலாம். 1784-இல் கட்டப்பட்ட தேவஸ்தானம் என்ற பிராமணர் கோயில் அங்கே இருக்கிறது; மார்கழியில் நம் பெண்கள் பாடும் திருவெம்பாவை, உச்சரிப்புத் திரிந்து, பொருள் மறந்து, ஆனால் விடாமல் தலைமுறை தலைமுறையாக அங்கே ஓதப்பட்டு வருகிறது. அதையொட்டி நிகழ்ந்துவந்த ஊஞ்சல் திருவிழா 1935-இல் நின்றுபோயிற்று. ஊஞ்சலின் செந்நிறக் கம்பங்கள் மாத்திரம் வீதி நடுவே வானளாவ நிற்கின்றன. ஒரு எச்சரிக்கை: 2025 ஜூலையில் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் எல்லையில் சண்டை மூண்டபடியால், ஒரு தேசத்திலிருந்து மற்றதற்குத் தரைவழியாகப் போகும் திட்டம் எதையும் போடாமல், ஆகாய மார்க்கமாகவே போவதென்று வைத்துக்கொள்வது நல்லது.

நாலைந்து கோடி பெற்றவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. அவர்கள் ஐரோப்பாவுக்கும் போகட்டும், அண்டார்டிகாவுக்கும் போகட்டும். உபகாரச் சம்பளம் இல்லாமல், போன நிலமே ஜீவனமாக இருந்தவர்களுக்கும் இந்த யோசனை பொருந்தாது. அவர்களுக்கு வட்டியே வயிற்றுப்பாடு. இடையில் இருப்பவர்களுக்குத்தான் நான் சொல்வது.

அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பணத்தைப் போட்டு முதல் வருஷ வட்டி சேர்வதற்குள் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து, வீட்டு அம்மாளின் பெயருக்கும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். பேரன் பிறக்கட்டும், வீட்டுக்கு வெள்ளையடிக்கட்டும் என்று தவணை சொல்லிக்கொண்டிருந்தால், வட்டி வருஷந்தோறும் வரும், முழங்கால் வராது. தலைமையாசிரியர் வீட்டில் இரண்டு விண்ணப்பங்களும் போயாகிவிட்டன. கம்போடியாவுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரையில் உள்ள மாதங்களே உகந்தவை. ஏப்ரலில் அங்கே போகாதீர்கள், வெயில் நம் ஊரைப்போலவே கொளுத்தும்.