வேகமும் வீதி விபத்தும்: ஒரு சமூகவியல் நோக்கு

நமது நாளேடுகள் வீதி விபத்தைச் செய்தியாக்கும் முறையிலே ஒரு வாய்பாடு நிலைபெற்றுவிட்டது. ‘வேகக் கட்டுப்பாட்டை இழந்த பஸ் வீதியை விட்டு விலகி மரத்துடன் மோதியது’ என்பது அது. இவ்வாக்கியத்தின் எழுவாய் பஸ். இழப்பதும் விலகுவதும் மோதுவதும் அதுவே. மனிதன் அடுத்த வாக்கியத்திலேதான் வருகிறான். அவன் சாரதி; பொலிசாராற் கைதுசெய்யப்பட்டவனாக வருகிறான். பஸ்ஸின் உடைமையாளர் எவர், சாரதி அன்று எத்தனையாவது மணித்தியாலமாக வேலைசெய்துகொண்டிருந்தான், அவனது ஊதியம் எவ்வாறு கணிக்கப்பட்டது என்பன மூன்றாம் வாக்கியத்திலும் இடம்பெறுவதில்லை. இலக்கியம் பயின்றவர்க்கு வாக்கியத்திலிருந்து தொடங்குவது பழக்கம். ஆயின் இங்கு ஆராயப்படுவது நடையியற் பிரச்சினை மாத்திரமன்று. இலங்கையில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 38,000 விபத்துகளும் அவற்றின் விளைவாக 3,000 மரணங்களும் நிகழ்வதாக உலக வங்கியின் 2020ஆம் ஆண்டு அறிக்கை கணித்தது. இத்துணை மரணங்களுக்கும் ‘மிதமிஞ்சிய வேகம்’ என்ற ஒரு சொற்றொடர் எவ்வளவு தூரம் விளக்கமாகும் என்பதே நமது வினா.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குதல் வேண்டும். வேகத்தைப் பற்றிய பேச்செல்லாம் பொலிஸ்காரரின் பேச்சே என ஒதுக்கிவிடும் போக்கு முற்போக்கு வட்டாரங்களிலே சிற்சில வேளைகளிற் காணப்படுகிறது. அது பொருள்முதல்வாதமாகாது. ஓடும் பொருளின் இயக்க சக்தி அதன் வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது (கணிதத்தில் வரும் வர்க்கத்தையே குறிக்கின்றோம்). மணிக்கு 40 கிலோமீற்றரிற் செல்லும் பஸ் 80 கிலோமீற்றரை எட்டும்போது அதன் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்கொல்லும் விபத்துக்கான ஆபத்து ஏறக்குறைய நான்கு சதவீதம் கூடும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவற்றை மறுப்பதற்கில்லை.

ஆயினும், மோதலின் கடுமையை நிர்ணயிப்பது ஒன்று. அம்மோதலைத் தோற்றுவிப்பது பிறிதொன்று. ஜேர்மனியின் அதிவேகப் பாதைகளிற் பெரும்பகுதிக்கு நிலையான வேக எல்லை இல்லை. எனினும், ஓடிய கிலோமீற்றர்க் கணக்கில் நோக்கின், அந்நாட்டின் கிராமப்புற வீதிகளிலும் பார்க்க அங்கு மரணங்கள் குறைவு. கட்டற்ற வேகம் தீங்கற்றது என்பது இதன் பொருளன்று. அப்பாதைகளிலே பாதசாரி இல்லை. துவிச்சக்கர வண்டி இல்லை. எதிர்த்திசை வாகனங்கள் தடுப்பினாற் பிரிக்கப்பட்டுள்ளன. நமது வீதிகளிலோ கொள்கலன் லொறி, பஸ், முச்சக்கர வண்டி, பாடசாலைக்கு நடந்து செல்லும் பிள்ளை ஆகிய யாவும் ஒரே தாரோட்டைப் பங்கிடுகின்றன. உலகின் வீதி மரணங்களில் 92 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்கின்றன. ஆனால் உலக வாகனங்களில் ஏறக்குறைய 60 சதவீதமே அந்நாடுகளில் உள்ளன. இறப்போருட் பாதிக்கு மேற்பட்டோர் நடந்தும் துவிச்சக்கர வண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் செல்வோர்.

அடுத்து, வேகம் எவ்வாறு உற்பத்தியாகிறது என்பதை நோக்குவோம். ‘மூலதனம்’ முதலாம் தொகுதியில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்திலே, மார்க்ஸ் ஒரு புகையிரத விபத்தைக் குறிப்பிடுகிறார். லண்டன் மரண விசாரணை மன்றின் முன்னே மூன்று புகையிரதத் தொழிலாளர் நிற்கின்றனர்: காவலர், இயந்திரச் சாரதி, சமிக்ஞையாளர். பயணிகள் பலரின் மரணத்துக்கு அவர்களது கவனக்குறைவே காரணமெனக் கூறப்படுகிறது. அவர்களோ, சில ஆண்டுகளுக்கு முன் எட்டு மணித்தியாலமாக இருந்த வேலை பதினான்கு, பதினெட்டு, இருபது மணித்தியாலமாக உயர்த்தப்பட்டதை எடுத்துரைக்கின்றனர். மார்க்ஸ் இதனை 1866 ஜனவரியில் வெளியான ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து எடுத்தார் என்பதும், அப்பத்திரிகை பரபரப்பான தலைப்புகளின் கீழ் வாரந்தோறும் புதிய புகையிரத விபத்துகளைப் பட்டியலிட்டு வந்ததென அவர் அடிக்குறிப்பிற் சுட்டுவதும் மனங்கொள்ளத்தக்கன. செய்தி வாய்பாட்டின் வரலாறும் நீண்டதே.

இலங்கையின் பஸ் சேவை இவ்வகையிற் பொருத்தமான உதாரணமாகும். பயணிகளைப் பிடிப்பதற்காக பஸ்கள் ஒன்றையொன்று துரத்துவது திறந்த பொருளாதாரத்தோடு தோன்றியதொன்றன்று. பல உடைமையாளர் ஒரே பாதையிற் போட்டியிட்ட நிலையை நீக்கவே, 1942ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழித்தடத்தை ஒரு கம்பனிக்கு உரியதாக்கியது. 1958 ஜனவரி 1ஆந் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. சாரதியும் நடத்துநரும் மாதச் சம்பளக்காரராயினர். பின்னே வரும் பஸ்ஸும் அதே சபையினது. 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் அநுமதிக்கப்பட்டன. இவற்றின் உடைமையாளரிற் பெரும்பாலோர் ஓரிரு பஸ்களையே உடைய சிறு முதலீட்டாளர். சாரதி, நடத்துநரது ஊதியம் பெரும்பாலும் அன்றாட வசூலின் ஒரு பங்காகவே அமைகிறது. நியமனக் கடிதம் என்பது அரிதிலும் அரிது. எரிபொருட் செலவும் உடைமையாளரின் பங்கும் போக எஞ்சுவதே அவர்களது கூலி. இது துண்டுக் கூலியின் ஒரு வடிவமாகும். எத்தனை மரணங்களின் பின்னரும் எந்த அரசாங்கமும் இவ்வுறவைக் கைவைத்து மாற்றவில்லை. மாறியவை தண்டப்பணத் தொகைகளே.

நாள்தோறும் பஸ்ஸில் பயணஞ்செய்வோர் நன்கறிந்த ஒரு முரண்பாடு இங்கு விளக்கம் பெறுகிறது. அதே பஸ் தரிப்பிடத்தை அண்டியதும் ஊர்கிறது. நடத்துநர் மிதிபலகையில் நின்று கூவியழைக்கிறார். சில நிமிடங்கள் இவ்வாறு கழிகின்றன. பின்னால் வரும் பஸ் கண்ணிற் பட்டதும் பாய்ச்சல் தொடங்குகிறது. ஊர்தலும் பாய்தலும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். சாரதியின் இளமைத் துடிப்பே வேகத்துக்குக் காரணமெனின், அவ்விளைஞன் தரிப்பிடத்திலே அத்துணை பொறுமை காப்பது எங்ஙனம்? 2005 ஏப்ரல் 27ஆந் திகதி பொல்கஹவெலவுக்கு அண்மையில், யாங்கல்மோதர புகையிரதக் கடவையில், மற்றொரு பஸ்ஸுடன் போட்டியிட்டு வந்த பஸ்ஸொன்று புகையிரதத்தின் முன்னே சென்றது. 35க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இக்கருத்தை மார்க்சியர் அல்லாதோரின் ஆய்வொன்றும் உறுதிசெய்கிறது. சிலி நாட்டின் சந்தியாகோ நகரில் ஒருகாலத்தில் இருவகைச் சாரதிகள் ஒத்த வழித்தடங்களில் பஸ் ஓட்டினர்: பயணியின் தலைக்கு இவ்வளவு எனப் பெற்றோர் ஒருசாரார், நிலையான சம்பளம் பெற்றோர் மறுசாரார். 2005இல் ஜோன்சன், ரைலி, முனோஸ் ஆகிய மூவர் இவர்களை ஒப்பிட்டனர். தலைக்கணக்கிற் கூலி பெற்றோர் ஓட்டிய பஸ்களுக்கு, கிலோமீற்றர்க் கணக்கில், ஏறக்குறைய 67 சதவீதம் அதிகமான விபத்துகள் நேர்ந்தன. முன்சென்ற பஸ் எத்தனை மணிக்குக் கடந்தது என்பதைத் தரிப்பிடங்களிற் குறித்து வைத்து, பின்வரும் சாரதிக்கு விற்றுப் பிழைப்போரும் அங்கிருந்தனராம். நம் பஸ் நிலையங்களை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. அதே ஆய்வு, சம்பளம் பெறுவோரின் வழித்தடங்களிலே பயணி ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதலான நேரம் காத்திருக்க நேர்ந்தது என்பதையும் கூறுகிறது. பின்னைய உண்மையை நம்மவர் மறைத்துவிடலாகாது.

அரச உடைமை ஒன்றே போதுமானதெனக் கொள்வதும் எளிமைப்படுத்தலே. 2025 மே 11ஆந் திகதி அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற சபையின் பஸ் கொத்மலை கெரண்டி எல்ல பகுதியிலே பள்ளத்தில் வீழ்ந்து 20க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சபையின் சாரதி தலைக்கணக்கிற் கூலி பெறுபவனல்லன். ஆயின் அந்த பஸ்ஸில் எழுபதுக்கு மேற்பட்டோர் நெருங்கிப் பயணஞ்செய்தனர். பயணமோ இரவு முழுதும் நீண்ட மலைப்பாதைப் பயணம். பொதுச் சேவைக்கு வேண்டிய முதலீடு பல தசாப்தங்களாகக் குறைக்கப்பட்டமையின் சுமை, பஸ்ஸின் மேலும் சாரதியின் கண்ணிமை மேலும் இறங்குகிறது. அரசும் குறைந்த செலவில் அதிக ஓட்டத்தை எதிர்பார்க்கும் உடைமையாளனாக நடந்துகொள்ளும்.

சபை பஸ்ஸையும் தனியார் பஸ்ஸையும் ஒரே நேர அட்டவணையில் இணைத்தல் என்பது நீண்டகாலமாகப் பேசப்படும் பரிகாரம். 2025 ஆகஸ்டில் அது செயலாகத் தொடங்கியபோது சபையின் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. அரச சேவை பலவீனப்படும் என்ற அவர்களது அச்சம் முற்றாக ஆதாரமற்றதன்று. எனினும், எதிர்ப்பு அட்டவணையோடு நின்றுவிட்டமை நமக்கு ஏமாற்றமே. தனியார் பஸ் சாரதிக்கு நியமனக் கடிதம், நிலையான மாதச் சம்பளம், வரையறுத்த வேலை நேரம் என்ற மூன்று கோரிக்கைகளையும் சபையின் தொழிலாளரே முன்வைத்திருக்கலாம். வசூலிற் பங்கு பெறும் சாரதி, அட்டவணையிற் குறித்த நேரத்துக்குப் புறப்பட்டாலும், அடுத்த தரிப்பிடத்தை மற்றவனுக்கு முன்னரே அடைய வேண்டியவனாகவே இருப்பான்.