வேலிப்பருத்தியும் ஒரு சீட்டும்

மட்டக்களப்புப் படுவான்கரையில் மழைக்குப் பிறகு வேலியோரம் பாருங்கள். வேலிப்பருத்தி படர்ந்திருந்தால் காம்பைக் கிள்ளியதும் வெள்ளைப் பால் கசியும். இரட்டைக் காய்கள் மென்முள் போர்த்தித் தொங்கும். சுண்டலுக்கு ஆயும் குறிஞ்சாவும் நன்னாரியும் எருக்கும் இதன் உறவினங்களே.

இச்செடிகளை ஆய்வுக்காக உலர்த்திக் காப்பது பொறுமையான வேலை. பால் தாளில் ஒட்டிக்கொள்ளும். தடித்த இலை, அழுத்தத்துக்குள்ளும் சில நாள் உயிரோடிருந்து பிறகு உதிர்ந்துவிடும். அதனால் கொதிநீரில் ஒருமுறை முக்கியெடுத்து, பழைய பத்திரிகைகளுக்கு இடையில் வைத்து, தாளை அடிக்கடி மாற்றுவார்கள். பஞ்சுவிதைகள் பறக்காதபடி காகிதப் பொட்டலத்தில் இடவேண்டும். ஒரு பூவையாவது பிரித்து வைப்பது அவசியம். நன்னாரி தவிர, இவற்றின் மகரந்தம் தூளாக உதிராது. மஞ்சள் மெழுகுபோன்ற இரு கட்டிகள் ஒரு சிறு கவ்வியில் இணைந்திருக்கும். பூச்சியின் காலில் அந்தக் கவ்வி மாட்டிக்கொள்ள, கட்டிகள் அடுத்த பூவுக்குப் பயணமாகும். இனத்தைப் பிரித்தறிய இந்த அமைப்பையும் உருப்பெருக்கியில் தேடுவார்கள்.

இத்தனைக்கும் மேலானது உலர்ந்த செடியோடு வைக்கும் சீட்டு. இடம், திகதி, சேகரித்தவர், பூவின் நிறம், மண் எல்லாம் அதில் இருக்கவேண்டும். உலர்த்திய செடி காலங்கடந்தும் பயன்படும். 1670களில் போல் ஹெர்மன் இலங்கையில் உலர்த்திய செடிகளை வைத்தே லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவர நூலை எழுதினார். அந்தச் செடிகள் இன்றும் லண்டனில் உள்ளன. பேராதனைப் பூங்காவை 1849 முதல் நடத்திய துவைற்ஸ் பெரும் உழைப்பாளி. ஆனால் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில் எடுத்த செடிகளுக்கு அவர் ஒரே இலக்கத்தை இட்டார். வெளிநாட்டுக் காப்பகங்களுக்கு அனுப்பிய பல தாள்களில் ஊர்ப்பெயர் இல்லை. செடி இருக்கிறது, அது எந்த வேலியில் நின்றது என்பது போய்விட்டது. இழப்பு சிறிதல்ல. ஒரு கொடி எங்கே இருந்தது, எங்கே மறைந்தது என்று ஒப்பிட அந்த ஊர்ப்பெயரே ஆதாரம்.

பேராதனைத் தேசிய உலர்தாவரக் காப்பகத்தின் தாள்களையும் கொண்டு 1983இல் எருக்குக் குடும்பத்தின் திருத்திய விவரம் வெளிவந்தது. அதற்குப் பிந்திய காலத்தை யாராவது பதியவேண்டும். வெல்லாவெளிப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்கள் பிள்ளைகளோடு இதைத் தொடங்கலாம். தாராளமாய் நிற்கும் கொடியில் பூவும் காயுமுள்ள ஒரு கிளை போதும். நன்னாரியின் வேரைத் தோண்டவேண்டாம். காட்டுக்குள் அனுமதியின்றி எடுக்கவேண்டாம். சீட்டில் 'மட்டக்களப்பு' என்று மட்டும் நிறுத்தாமல், போரதீவுப்பற்று, வெல்லாவெளி, எந்தக் குளத்தருகே என்பதுவரை எழுதச் சொல்லுங்கள்.