பென் நெவிஸ் மலையோட்டம்

ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் ஊரை ஒட்டி 1,345 மீட்டர் உயர்ந்து நிற்கும் பென் நெவிஸ், பிரிட்டனிலேயே மிக உயரமான மலை. ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் சனிக்கிழமையன்று அங்கு நடைபெறும் ஓட்டப் பந்தயத்தில், ஏறக்குறைய கடல் மட்டத்திலிருந்து புறப்படும் ஓட்டக்காரர்கள் உச்சியைத் தொட்டுவிட்டு, அதே மலையில் இறங்கி, மொத்தம் 14 கிலோமீட்டரை முடிக்கிறார்கள். சமவெளி ஓட்டத்துக்குப் பழகியவருக்கு இந்தத் தூரம் சிறிதாகவே படும். ஆனால் மலையோட்டத்தின் கடுமையைத் தூரத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவதில்லை. கிலோமீட்டருக்கு எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்பதும் அதில் சேரும். இங்கிலாந்தில் 1970-ல் தொடங்கப்பட்ட ஃபெல் ஓட்டக்காரர் சங்கம் (‘ஃபெல்’ என்பது வட இங்கிலாந்து வழக்கில் மலையைக் குறிக்கும் சொல், பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது) தன் பந்தயங்களில் கடினமானவற்றை ‘ஏ’ வகையில் சேர்க்க, கிலோமீட்டருக்குச் சராசரியாக 50 மீட்டர் ஏற்றமாவது இருக்க வேண்டும் என்கிறது. பென் நெவிஸ் ஓட்டத்தில் அந்தச் சராசரி 95 மீட்டரைத் தாண்டுகிறது.

இந்தப் பந்தயம் தோன்றுவதற்கு வழிவகுத்தது வானிலை ஆய்வு. 1883-ல் மலையுச்சியில் ஒரு வானிலை ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டபோது, அங்கு வேண்டிய பொருள்களைக் குதிரைகளில் ஏற்றிச் செல்வதற்காக ஒரு பாதை வெட்டப்பட்டது. அந்தப் பாதை வழியே, 1895-ல், ஃபோர்ட் வில்லியமைச் சேர்ந்த வில்லியம் ஸ்வான் என்னும் முடிதிருத்துபவர் ஊரிலிருந்து உச்சிக்குச் சென்று 2 மணி 41 நிமிடத்தில் திரும்பியதே பதிவான முதல் ஓட்டம். ஆய்வுக்கூடம் 1904-ல் மூடப்பட்டது. பாதையும் பந்தயமும் நிலைத்துவிட்டன. 1984-ல் கென்னி ஸ்டூவர்ட் ஓடிய 1 மணி 25 நிமிடம் 34 விநாடி ஆண்களுக்கான சாதனை. பெண்களுக்கு நெடுங்காலம் இடமே தரப்படவில்லை. 1955-ல், 16 வயதான கேத்லீன் கொன்னொக்கி, அதிகாரபூர்வ அனுமதி இல்லாமலேயே ஓடி முடித்துக் காட்டினார். மலையேறத் தேவையான வலிமை பெண்ணுடலில் இல்லை என்ற நம்பிக்கைக்கு அதைவிடத் தெளிவான மறுமொழி இருக்க முடியாது.

பார்ப்பவருக்கு ஏற்றமே கடினமாகத் தோன்றினாலும், பந்தயத்தின் முடிவைப் பெரிதும் தீர்மானிப்பது இறக்கம்தான். செங்குத்தான ஏற்றத்தில் ஓடுவதைவிட, கைகளை முழங்கால்களில் ஊன்றி வேகமாக நடப்பதே பெரும்பாலோருக்குச் சிக்கனமானது என்பதால், தேர்ந்தவர்களும் அங்கு நடக்கிறார்கள். மூச்சும் இதயமும் ஈடுகொடுக்கும் வரை அது பொறுமையின் வேலை. இறக்கத்திலோ, ஒவ்வோர் அடியிலும் உடலின் பாரத்தைத் தடுத்து நிறுத்த வேண்டிய தொடையின் முன்பக்கத் தசை, இறுகிய நிலையிலேயே நீள நேரிடுகிறது. இதனால் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, அடுத்த ஒன்றிரண்டு நாள்களில் வலி உச்சத்தை அடைகிறது. படிப்படியாக இறக்கத்தில் ஓடிப் பழகிய தசை அடுத்த முறை அவ்வளவு சேதமடைவதில்லை என்பதால், ஏறுவதற்கு மட்டும் பயிற்சி செய்துவிட்டு வருவது பாதித் தயாரிப்பே ஆகும். சரளைக் கற்கள் உருளும் சரிவில், காலடியைப் பார்க்காமல் சில அடிகள் முன்னால் கண்ணைச் செலுத்தி, தயங்காமல் கால் வைக்கும் திறமையும் பழக்கத்தினால் மட்டுமே வரும்.

குளிரும் மூடுபனியும் இதனினும் பெரிய ஆபத்து. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கில், அடிவாரத்தில் இதமான வெயில் இருக்கும்போதே உச்சியில் எட்டு ஒன்பது டிகிரி குளிர் கூடியிருக்கும்; காற்றும் சேர்ந்தால், வியர்வையில் நனைந்த மெல்லிய சட்டையுடன் கால் சுளுக்கி உட்கார்ந்துவிட்ட ஒருவரின் உடல்வெப்பம் விரைவில் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். உச்சிச் சமதளத்தின் வடபக்கம் பல நூறு மீட்டர் ஆழத்துக்குப் பாறை செங்குத்தாக இறங்குவதால், மேகம் மூடியிருக்கும்போது வழி தவறுவது உயிருக்கே ஆபத்தாகும். ஆகவேதான் மலையோட்டங்களில் மழையும் காற்றும் புகாத மேற்சட்டை, கால்சட்டை, தொப்பி, கையுறை, வரைபடம், திசைகாட்டி, ஊதல், அவசர உணவு ஆகியவற்றைச் சுமந்து ஓட வேண்டும் என்கிறார்கள். இவற்றில் சில கிராம்களை மிச்சப்படுத்த நினைப்பது அறியாமை.

மலையோட்டத்தில் சேர விரும்பும் எவரும் வேகத்துக்கு முன்பாகக் கற்க வேண்டிய விதி ஒன்று உண்டு: இடையில் நிறுத்திக்கொள்பவர், எந்த வழியாக இறங்கினாலும், பந்தய அமைப்பாளரிடம் தம் எண்ணைத் தெரிவிக்காமல் வீடு திரும்பக் கூடாது. முடிவிடத்தில் ஓர் எண் குறைந்தால், அந்த ஓட்டக்காரர் மலையில் விழுந்து கிடப்பதாகவே கொண்டு, மீட்புக் குழுவின் தன்னார்வலர்கள் இருட்டிலும் மழையிலும் அவரைத் தேடி மேலே செல்வார்கள்.