வச்சாங்க, நிக்கல

தொட்டில் வழி – 14

உறைகருவை உருக்கிக் கருப்பைக்குள் வைக்கும் நாளோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அதன் பிறகு இரண்டு வாரக் காத்திருப்பு, கரு நின்றதா என்று பார்க்கும் பீட்டா ஹெச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை. முதல் முறை நிற்காவிட்டால் டாக்டர் ஆறுதல் சொல்வார், மாமியார்கூடச் சொல்வார். இரண்டாவதும் மூன்றாவதும் போன பிறகு ஆறுதல் தீர்ந்துவிடும். "அடுத்த மாசமே மறுபடி வச்சிடலாமா?" என்ற கேள்வி மட்டும் மிஞ்சும். அதற்கு உடனே சரி சொல்லிவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இந்த வாரக் கட்டுரை.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு தம்பதியைச் சந்தித்தேன். கணவருக்குச் சூளையில் வேலை. ஃபியூஸ் கேரியரும் அகல் விளக்கும் ஆயிரம் டிகிரிக்கு மேல் வேகிற இடம். வயது 42. மனைவி பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிறார். வயது 36. பல்லவன் ரயிலில் ஏறி சென்னைக்குப் போய்ச் சிகிச்சை எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

"ரெண்டு தடவை வச்சாங்கக்கா. மொத்தம் மூணு எம்பிரியோ. நிக்கல. இன்னும் ரெண்டு அங்க ஃப்ரீஸ் பண்ணி இருக்காம். அதையும் வச்சுப் பாத்துடலாம்ங்கறாங்க."

"எத்தனாவது நாள் கரு?" என்றேன்.

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் ஃபைலைத் திறந்தார். ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டுகள், தேதிவாரியாகப் பின் அடித்த பில்கள். ஒரு பில்கூட விட்டுப்போகவில்லை. கருவைப் பற்றி இருந்தது ஒரே ஒரு தாள்தான்: சாம்பல் நிறத்தில் வட்டமாக ஒரு படம், கீழே அந்தப் பெண்ணின் பெயர். மூன்றாம் நாள் கருவா, ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்டா என்று இல்லை. தரம் என்ன என்று இல்லை. உருக்கியபோது முழுதாகப் பிழைத்ததா என்றும் இல்லை. கரு தங்குவதற்காக எண்ணெய் ஊசி போட்ட இடம் இன்னும் கட்டிக்கொண்டு வலிக்கிறது என்று சொல்லியபடியே மனைவி அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தகவல்கள் இல்லாமல் அடுத்த அடி எடுக்கவே முடியாது. நிற்காததில் வகைகள் உண்டு. பீட்டா ஏறவே இல்லையா? கொஞ்சம் ஏறி இறங்கியதா? ஏழெட்டு வாரம் போய், இதயத் துடிப்பு தெரிந்த பிறகு கலைந்ததா? மூன்றும் தனித்தனி வழக்குகள். ஆராய வேண்டியவையும் வேறு வேறு. வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பேச்சுதான்: "நிக்கல."

முருகன் கோயிலான மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில் பக்கத்தில்தான். அங்கே பிராது கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். வெள்ளைத் தாளில் பெயர், ஊர், குறை எல்லாம் எழுதி, சுவாமி பாதத்தில் வைத்துப் பூசித்து, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவார்கள். காரியம் நடந்ததும் திரும்பப் போய், ராஜினாமா கொடுத்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். இவர்களும் கட்டியிருக்கிறார்கள். கல்யாணத் தேதி முதல் எந்த மாதம் எத்தனை கரு வைத்தார்கள் என்பது வரை அதில் எழுதியிருந்தார்களாம். முருகனிடம் போன கேஸ் ஹிஸ்டரியில் பாதிகூட ஃபைலில் இல்லை.

கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் பலருக்கு. கேட்பதற்குச் சட்டமே இடம் தருகிறது. 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி, என்ன சிகிச்சை செய்யப்பட்டது என்ற விவரத்துடன் டிஸ்சார்ஜ் சான்றிதழ் தருவது மையத்தின் கடமை. ஒவ்வொரு மையத்திலும் குறைதீர்ப்புப் பிரிவும் இருக்க வேண்டும். வேறொரு டாக்டரிடம் இரண்டாவது கருத்து கேட்கப் போனால் அவர் முதலில் கேட்பதும் கரு ஆய்வக அறிக்கையைத்தான்.

காகிதத்தின் அருமைக்கு இந்தத் துறையிலேயே ஒரு சான்று உண்டு. 1978 அக்டோபர் 3-ல் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் பிறந்த குழந்தை, 53 நாள் உறையவைத்த கருவிலிருந்து வந்தது. அரசு அமைத்த குழு அதை நம்பவில்லை. அவர் 1981-ல் இறந்துபோனார். 1984-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்த குழந்தைதான் உலகின் முதல் உறைகருக் குழந்தை என்று பதிவானது. பிறகு, இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தைக்கு உரியவர் என்று அதுவரை அறியப்பட்ட விஞ்ஞானி டி.சி.ஆனந்த குமார், முகர்ஜி கைப்பட எழுதிய குறிப்புகளைப் படித்துப் பார்த்து, "முதல்வர் நானல்ல, அவர்தான்" என்ற பொருளில் 1997-ல் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். குறிப்புகள் இல்லையென்றால் அந்த நியாயமும் கிடைத்திருக்காது.

சரி, அறிக்கை கைக்கு வந்துவிட்டது. அடுத்து என்ன?

முதல் சந்தேகம் கருவின் மேல்தான் விழ வேண்டும். நிற்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. பெண்ணின் வயது முப்பத்தைந்தைத் தாண்டும்போது அது கூடிக்கொண்டே போகும். ரயிலில் வந்தது, மாடிப்படி ஏறியது, பப்பாளி தின்றது என்று வீட்டில் போடும் பட்டியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வைத்த பிறகு அசையாமல் படுத்துக்கிடந்தால் வாய்ப்பு கூடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. மூன்று கரு நிற்காதது 36 வயதில் அபூர்வமும் அல்ல. ஐரோப்பாவின் இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரே 2023-ல் தந்த பரிந்துரை, எத்தனை முறை என்று விரல் விட்டு எண்ணுவதில்லை. வைத்த கருக்களையும் வயதையும் சேர்த்துப் பார்த்தால் இந்நேரம் 60 சதவீதத்துக்கு மேல் நின்றிருக்க வாய்ப்பு உண்டா, அப்படியும் நிற்கவில்லையா என்று கேட்கச் சொல்கிறது. அந்தக் கட்டத்துக்குப் பிறகுதான் காரணம் தேடி ஆழமாக இறங்க வேண்டும்.

கருப்பைப் பக்கம் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. கருக்குழாயில் நீர் கோத்திருந்தால் அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து கருவைக் கெடுக்கும். கரு வைப்பதற்கு முன் குழாயை அகற்றுவதோ அடைப்பதோ பலன் தரும் என்பது நிரூபணமான விஷயம். உள்வரிக்குள் துருத்தும் நார்க்கட்டி, பாலிப், தடுப்புச்சுவர், நாள்பட்ட அழற்சி ஆகியவற்றோடு தைராய்டையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் கருப்பைக் காசநோயும் உண்டு. ஆனால் பி.சி.ஆர். பாசிட்டிவ் என்ற ஒரு தாளை மட்டும் நம்பி ஆறு மாத மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

எனக்குக் கோபம் வருவது பேக்கேஜோடு சேர்த்து விற்கிற உபரிச் சரக்குகளைப் பார்க்கும்போதுதான். கருப்பை உள்வரியைச் சுரண்டிவிட்டால் கரு ஒட்டும் என்று வெகுகாலம் சொன்னார்கள். 1,364 பெண்களிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், சுரண்டியவர்களிலும் சுரண்டாதவர்களிலும் குழந்தை பெற்றவர்கள் ஒரே அளவு, சுமார் 26 சதவீதம். கரு வைக்கச் சரியான மணிநேரத்தைச் சொல்வதாக விற்கப்படும் ஈ.ஆர்.ஏ. பரிசோதனை 2022-ல் வந்த பெரிய ஆய்வில் பலன் காட்டவில்லை. பலமுறை தோற்றவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துப் பார்த்த சீன ஆய்விலும் (2023) அதே கதை. "இத செஞ்சா எனக்கு எவ்வளவு கூடும்? எந்த ஆய்வு சொல்லுது?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

விருத்தாசலம் தம்பதி விஷயத்தில் கணவர் பக்கம் பேச்சே எழவில்லை. விந்து எண்ணிக்கை நார்மல் என்று ஒருமுறை எழுதிக் கொடுத்ததோடு சரி. சூளையில் வேலை என்பதை யாரும் கேட்கவுமில்லை, அவராகச் சொல்லவுமில்லை. 1992-ல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்று செராமிக் ஆலைகளில் கடும் வெப்பத்தில் வேலை செய்த ஆண்களைப் பற்றியது. மனைவி கருத்தரிக்க அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிக காலம் பிடித்திருந்தது. விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். ஆகவே புதிதாக முட்டை எடுக்கும் திட்டம் இருந்தால், மூன்று மாதம் முன்பே சூளையிலிருந்து அச்சு வார்க்கும் பக்கமோ பேக்கிங் பக்கமோ மாற்றல் கேட்பது அர்த்தமுள்ளது. உறைந்திருக்கும் இரண்டு கருவுக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை; அவை ஏற்கனவே உருவானவை.

அந்த இரண்டையும் என்ன செய்வது? அவசரம் ஏதுமில்லை. சட்டப்படி பத்து வருடம் வரை வைத்திருக்கலாம், ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். நைட்ரஜன் தொட்டியில் கருவுக்கு வயது ஏறாது. ஹார்மோன் மாத்திரை கொடுத்து உள்வரியைத் தயார் செய்த சுழற்சிகளே தோற்றிருந்தால், மாதவிடாய் ஒழுங்காக வருபவர் இயற்கைச் சுழற்சியில் வைக்க முடியுமா என்று கேட்கலாம். "ரெண்டையும் சேத்து வச்சிடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. 2022 விதிகள் ஒரு முறைக்கு ஒரு கரு என்பதையே பொது வழக்காக வைத்து, விசேஷ சூழலில் மட்டும் மூன்று வரை விடுகின்றன. இரட்டைப் பிள்ளை ஆசைக்காக ரத்த அழுத்தத்தையும் குறைப்பிரசவத்தையும் விலைக்கு வாங்க வேண்டாம்.

அதுவும் நிற்காவிட்டால் எவ்வளவு தூரம் போவது என்பதை இப்போதே, பீட்டா முடிவு வராத ஒரு சாதாரண நாளில், இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்த நகையை அடகு வைக்கலாம், எதைத் தொடக் கூடாது என்பது உட்பட. நெகட்டிவ் வந்த சாயங்காலம் எடுக்கிற எந்த முடிவும் கடனில்தான் போய் முடிகிறது. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் வந்திருக்கிறது. தனியாரில் இன்னொரு முறை பணம் கட்டுவதற்கு முன் அங்கே ஒருதரம் விசாரிக்கலாம்.

முட்டைத் தானம் ஒரு வழி. வயதால் முட்டை தளர்ந்தவர்களுக்கு வாய்ப்பு கூடும் வழியும் அதுதான். கொடுப்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம் என்கிறது சட்டம். அப்படி ஒரு கட்டுப்பாடு ஏன் வேண்டும் என்பதை 2022-ல் ஈரோடு காட்டியது. 16 வயதுச் சிறுமியின் முட்டையைப் போலி ஆதாரில் வயது கூட்டிப் பலமுறை விற்ற வழக்கில் பெற்ற தாயே கைதானார். தானம் யாரிடமிருந்து எந்த வங்கி வழியாக வருகிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாடகைத்தாய் என்பது மருத்துவச் சான்று வேண்டிய நீண்ட சட்டப் பாதை. இவர்களைப் போன்றவர்களின் அடுத்த படி அதுவல்ல.

தத்தெடுப்பைக் கடைசிக் கதவாக வைத்துக்கொண்டு, எல்லாம் தோற்ற பிறகே அந்தப் பக்கம் திரும்புகிறவர்கள்தான் இங்கே அதிகம். வளர்க்க முடியாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்து 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2011-ல் கடலூர் மாவட்டத்துக்கும் வந்தது. ஆனால் தொட்டிலிலிருந்து நேராக யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காராவின் இணையப் பதிவு வழியாகத்தான் போக வேண்டும். காத்திருப்பு சில ஆண்டுகள் நீளும். இரண்டு வயதுக்குள் குழந்தை வேண்டுமென்றால் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. பதிவு செய்யும் நாளின் வயதுதான் கணக்கு. 36-ம் 42-ம் 78. வருடத்துக்கு இரண்டு ஏறும். மூன்று வருடம் கழித்து 84, நான்காவது வருடம் கதவு மூடிவிடும். மூன்று முறை ஐ.வி.எஃப். செய்து முடிக்க ஆகிற காலமும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

அடுத்த வாரம்: வீட்டு ஆய்வுக்கு வரும் சமூகப் பணியாளர் என்னென்ன கேட்பார்?

(தொடரும்)