தோட்டாவின் அடியைப் படிப்பது எப்படி?

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் நின்ற ரயிலின் முதல் வகுப்புப் பெட்டியில், திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் கையிலிருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். ஒவ்வொரு முறை சுட்டதும் வெற்றுப் பித்தளைக் கூட்டைத் தானே வெளியே தள்ளிவிடும் ரகம் அது.

அதே வட்டாரத்துப் பாஞ்சாலங்குறிச்சியில் 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேனின் படை கட்டபொம்மனின் கோட்டையைத் தாக்கியபோது அப்படி எதுவும் தரையில் விழுந்திருக்க வழியில்லை. அன்றைய தோட்டா வெறும் காகிதச் சுருள். சிப்பாய் அதைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழாயில் கொட்டி, உருண்டை ஈயக் குண்டை உள்ளே இடிப்பார். காகிதம் மக்கிவிடும்; ஈயம் மட்டுமே மண்ணில் தங்கும். ஆகவே வயலில் ஒரு பித்தளைக் கூடு கிடைத்தால், அது பாளையக்காரர் போரின் மிச்சம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ராணுவங்களுக்குப் பித்தளைத் தோட்டா வந்து சேர்ந்ததே 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான்.

கூடு எந்த ரகம் என்று அறிய முதலில் விளிம்பைப் பார்ப்பார்கள். இந்தியாவில் படையும் போலீசும் நெடுங்காலம் வைத்திருந்த 'த்ரீ நாட் த்ரீ' துப்பாக்கியின் கூட்டில், அடிவிளிம்பு உடலைவிட அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீளம் சுமார் 56 மில்லிமீட்டர். பின்னால் வந்த எஸ்எல்ஆர், இன்சாஸ் துப்பாக்கிகளின் கூடுகளில் விளிம்பு நீட்டாது. அதற்கு மேலே ஒரு பள்ளம் ஓடும். நீளமும் முறையே 51, 45 மில்லிமீட்டர்தான்.

அடுத்தது அடியில் குத்திய எழுத்து. தோட்டாவின் ஜாதகமே அங்குதான் இருக்கிறது. 'கே எஃப்' என்றிருந்தால் பிறந்த இடம் புனேயை அடுத்த கிர்கி தொழிற்சாலை. 1869இல் தொடங்கிய ஆலை அது. கூடவே 43 என்றிருந்தால் 1943, இரண்டாம் உலகப்போர்க் காலம். 7 என்பது ரகத்தின் எண். 1910இல் வந்த அந்த ஏழாம் ரகத்தில்தான் கூர்முனைக் குண்டு. அதற்கு முந்தியவை மொண்ணை முனை கொண்டவை. அந்த எண்ணோடு 'இசட்' சேர்ந்திருந்தால் உள்ளே இருப்பது கார்டைட் என்னும் வெடிமருந்து அல்ல, நைட்ரோசெல்லுலோஸ் மருந்து.

நடுவிலுள்ள சிறு வட்டம் பிரைமர். அதில் ஊசி குத்திய குழி இருந்தால் சுட முயன்றிருக்கிறார்கள் என்று பொருள். வெடித்துவிட்டது என்று பொருளல்ல. குழி விழுந்தும் வெடிக்காத தோட்டாக்கள் உண்டு. முனையில் குண்டு இன்னும் செருகியிருந்தால் அதை உயிருள்ளதாகவே கருத வேண்டும்.

இந்த எச்சரிக்கை தூத்துக்குடிக்குக் கூடுதலாகவே பொருந்தும். வெளிநாட்டுப் பழைய இரும்பு இறக்க அனுமதி பெற்ற துறைமுகங்களில் இதுவும் ஒன்று. 2004இல் காசியாபாத் அருகே ஒரு எஃகு ஆலையில், இறக்குமதியான பழைய இரும்போடு வந்த போர்க்குண்டு வெடித்துத் தொழிலாளர்கள் பலியானார்கள். அதன்பின், கப்பலில் ஏற்றும் முன்பே சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும் என்ற விதி கடுமையானது. ஆனாலும் குவியலைக் கையால் பிரிப்பவரின் கண்தான் கடைசிக் காவல்.

பழைய தோட்டா கண்ணில் பட்டால் தேய்க்காதீர்கள், தட்டாதீர்கள், நெருப்பருகே கொண்டுபோகாதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.