கந்தோரும் கணிதமும்

உத்தியோகத்தரின் வேலைநேரம் முழுவதும் சம்பளங் கொடுப்பவருக்கே உரியதென்பது பலர் கொள்கை. பேரேட்டைப் புரட்டவேண்டிய கை வேறொன்றை எழுதக் கண்டால் மேலதிகாரிகள் முகஞ் சுளிப்பர். அங்ஙனஞ் சுளியாத கந்தோர் ஒன்று சென்னையில் இருந்தது.

1912ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 1ஆந் திகதி சென்னைத் துறைமுகக் கணக்குப் பகுதியில் இளைஞரொருவர் 30 ரூபா மாதச் சம்பளத்தில் எழுதுவினைஞராக அமர்ந்தார். கணிதமொழிந்த பாடங்களிலே தவறிப் பட்டம் பெறாதவர். சீனிவாச இராமானுசன் என்பது அவர் பெயர்.

அவருடைய மேலதிகாரி நாராயண ஐயர் இந்தியக் கணித சங்கத்தின் அங்கத்தவர். இது இராமானுசனுக்கு வாய்த்த பெரும்பேறு. கந்தோர் முடிந்தபின் இருவரும் ஐயர் வீட்டிலே சிலேற்றும் கையுமாக இரவு நெடுநேரம் இருப்பர். இராமானுசன் பல படிகளை ஒரே பாய்ச்சலிற் கடந்து முடிவைக் கூறுவார். தமக்கே விளங்காதது பிறர்க்கு எவ்வாறு விளங்குமென ஐயர் கேட்டு, விடுபட்ட படிகளை எழுதச் செய்வார். ஊக்குவித்தலென்பது முதுகிலே தட்டிக்கொடுத்தல் என்று எண்ணுவோர் இதனை நோக்குவாராக. முகத்துதி கூறுவது எளிது. ஒருவர் செய்வதை அமர்ந்திருந்து விளங்கிக்கொள்ள முயல்வதே அரிது.

துறைமுகத் தலைவர் சேர் பிரான்சிஸ் ஸ்பிறிங் பொறியியலாளர். 1913 பெப்புருவரியில் வானிலை ஆராய்ச்சிப் பகுதித் தலைவர் கில்பேட் வோக்கர் சென்னைக்கு வந்தபோது, தம் எழுதுவினைஞரின் குறிப்புக்களை ஸ்பிறிங் அவரிடங் காட்டினார். கேம்பிறிட்ஜிற் கணிதம் பயின்ற வோக்கர் சென்னைச் சர்வகலாசாலைக்குப் பரிந்துரைத்து எழுதினார். இராமானுசன் ஹார்டிக்குத் தம் முதற் கடிதத்தை எழுதியதும் அவ்வாண்டு சனவரியிலேயே. அதில் தம்மைத் துறைமுகக் கணக்குப் பகுதி எழுதுவினைஞரென்றே அறிமுகஞ் செய்தார்.

இவற்றால் துறைமுகத்துக்கு விளைந்த இலாபம் யாது? ஒன்றுமில்லை. அமெரிக்காவின் 'திறீ எம்' கம்பனியின் வழி வேறு. அங்கே விஞ்ஞானிகள் வேலைநேரத்தில் நூற்றுக்குப் 15 பங்கைத் தாம் விரும்பிய ஆராய்ச்சியிற் செலவிடலாம். 1968இல் ஸ்பென்சர் சில்வர் கண்ட, இறுகப் பற்றாத பசை பல்லாண்டு பயனின்றிக் கிடந்தது. தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் அடையாளமாக வைத்த தாட்டுண்டுகள் விழுந்துவிடுவதாற் சலிப்புற்ற ஆட் பிறை என்னும் ஊழியர் அப்பசைக்குப் பயன் கண்டார். ஒட்டி எடுக்கத்தக்க அச்சிறு தாள்கள் 1980இல் அமெரிக்காவெங்கும் விற்பனைக்கு வந்தன. அங்கே சுதந்திரம் ஒருவகை முதலீடு. விளைந்த பொருள் கம்பனிக்கே உரியது. அது குற்றமன்று. எனினும் அந்த அளவுகோல் ஒன்றையே கைக்கொண்டால், விற்கத்தகாத தேற்றங்களை எழுதியவருக்கு எக்கந்தோரிலும் இடமிராது.

சர்வகலாசாலை மாதம் 75 ரூபா உதவிப்பணம் வழங்க இசைந்தது. 1913 மே மாதம் முதல் ஆராய்ச்சி மாணவராவதற்குத் துறைமுகம் இராமானுசனுக்கு விடுமுறை அளித்தது. மறு ஆண்டு மார்ச்சு 17இல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அந்த மேசைக்கு அவர் மீளவேயில்லை.